கடிதக் காலமும் கைபேசிக் காலமும்



நம் இல்லங்களில் பெரியவர்கள் கூடியமர்ந்து பேசத் தொடங்கினால், "அந்தக் காலம் போல வருமா?" என்று ஒருவராவது பெருமூச்சு விடாமல் இருப்பதில்லை. அதே கூடத்தில் அமர்ந்திருக்கும் இளையவர், கையிலுள்ள கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே புன்னகை செய்வார். பெரியவரின் பெருமூச்சிலும் உண்மை உண்டு. இளையவரின் புன்னகையிலும் உண்மை உண்டு. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவதைக் காட்டிலும், ஒரே தராசில் வைத்து நிதானமாக நிறுத்துப் பார்ப்பதே நமக்குப் பயன் தரும்.

எல்லாக் கருவிகளைப் பற்றியும் பேச இங்கே இடமில்லை. நம் வாழ்வோடு மிக நெருங்கிப் பின்னிக் கிடக்கின்ற ஒன்றை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்வோம். கடல் கடந்து உழைக்கும் ஆண்மக்களுக்கும், ஊரில் அவர்களை எதிர்பார்த்து வாழும் குடும்பத்தாருக்கும் இடையே செய்தி சென்று வந்த விதமே அது.

சபர் வாழ்வு

'சபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நம் ஊர்களிலோ அச்சொல் பயணத்தோடு பிரிவையும் சேர்த்தே குறிக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், நாகூர் போன்ற ஊர்களிலிருந்து நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சைகோனுக்கும் பொருளீட்டச் சென்றனர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்றதைச் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். 1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகள் செழித்தபோது நம் இளைஞர்களின் திசை மேற்கே திரும்பிற்று. திசை மாறியதே தவிர, வாசலில் நின்று வழியனுப்பிய உம்மாவின் கண்ணீர் மாறவில்லை.

அந்நாளில் சென்றவர் திரும்பி வர ஈராண்டாகும், மூவாண்டாகும். சிலருக்கு அதனினும் மிகுதியாகும். அத்தனை காலமும் குடும்பத்தைக் கட்டி வைத்திருந்தது ஒரு துண்டுக் காகிதம்.

தலைப்பில் 786 என்று எழுதி, "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்கி, பெரியவர்களுக்கு ஸலாமும் சிறியவர்களுக்குத் துஆவும் பெயர் பெயராகச் சொல்லி, இடம் போதாமல் மடிப்பின் ஓரத்திலும் பொடி எழுத்தில் நான்கு வரி சேர்த்து, "கடிதம் கண்டவுடன் பதில் எழுதவும்" என்று முடியும் அந்தக் கடிதங்களை உங்களில் பலர் கையில் ஏந்தியிருப்பீர்கள். தபால்காரரின் மணியோசைக்காகத் தெருவே காத்திருந்த நாள்கள் அவை. வந்த கடிதத்தை ஒரு முறை படித்து வைத்துவிடுவதில்லை. வாப்பா படிப்பார், பிறகு உம்மாவுக்காக உரத்துப் படிக்கப்படும், மாலையில் ராத்தா வந்ததும் மறுபடியும் படிக்கப்படும். இரவில், யாரும் காணாத வேளையில், அக்கடிதத்திற்கு உரியவள் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வாள். ஒரு கடிதம் ஒரு மாதத்திற்கு உணவாக இருந்தது என்றால் அது மிகையன்று.

பெருமூச்சின் மறுபக்கம்

ஆனால், நண்பர்களே, அந்தக் காலத்தின் இனிமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதன் வேதனையை மறந்துவிடுவது நியாயமாகுமா?

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 செப்டம்பர் வரை மலாயாவும் சிங்கப்பூரும் அவர்கள் ஆட்சியில் இருந்தன. வழக்கமாக வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுபோயின. கணவர் உயிரோடு இருக்கின்றாரா, இல்லையா என்றே அறியாமல் மூன்றரை ஆண்டுகளைக் கழித்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுடைய காத்திருப்பை எந்த வரலாற்று நூலும் விரித்து எழுதவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீடுகளில் அது செவிவழிச் செய்தியாக மட்டும் எஞ்சியிருக்கின்றது.

போர் இல்லாத நாள்களிலும் துன்பம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் ஒருவர் மவுத்தாகிவிட்டால், தந்தி கொடுக்க ஆளில்லாத இடமாக இருந்தால், செய்தி கடிதத்தில்தான் வரும். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாள்களும் என்பதையும், அது மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் நாம் அறிவோம். செய்தி வந்து சேர்ந்த நாளில் அந்தக் காலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டிருக்கும். தான் கைம்பெண்ணாகிவிட்டதை அறியாமலேயே, அவருடைய அடுத்த கடிதத்தை எதிர்பார்த்து, வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் வாழ்ந்த அந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும், "அந்தக் காலம் போல வருமா?" என்று நம்மால் தயக்கமின்றிக் கேட்க முடியுமா?

இன்னொன்றையும் கருத வேண்டும். கடிதத்தை யார் எழுதினார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவனை அழைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு ஒரு மனைவி தன் கணவருக்கு என்ன சொல்லிவிட முடியும்? மாமியாரின் நலம், மழை பெய்தது, பணம் வந்து சேர்ந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது. இவ்வளவுதான். உள்ளத்தில் இருந்தது உள்ளத்திலேயே தங்கிவிடும்.

இந்தத் தடையைக் கடக்க நம் பெண்களுக்கு ஒரு துணை இருந்தது. தமிழ்ப் பள்ளிக்குச் செல்லாவிட்டாலும் குர்ஆன் ஓதக் கற்றிருந்த காரணத்தால், அரபு எழுத்துகளில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்குக் கைவந்தது. அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைக்கப்பட்ட அந்த எழுத்து முறையில், நம் பாட்டிமார் தம் கையாலேயே கடிதம் எழுதினார்கள். அது அவர்களுக்கு வாய்த்த சிறியதோர் அந்தரங்கம். அந்த எழுத்தைப் படிக்க வல்லவர்கள் இன்று நம் வீடுகளில் அருகிவிட்டார்கள் என்பது வருந்தத்தக்க செய்தி.

தந்தி முதல் ஒலிநாடா வரை

கடிதத்தை விட விரைந்து வந்தது தந்தி. 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனை அளவில் தொடங்கிய மின்தந்தி, நாடெங்கும் பரவி, 2013 ஜூலை மாதத்தில் விடைபெற்றது. நம் ஊர்களில் "தந்தி வந்திருக்கின்றது" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, அதைப் பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். நல்ல செய்திக்கு யார் தந்திக் கூலி கொடுப்பார்கள் என்பதே அக்கால நியாயம். ஆயினும் பெருநாள் வாழ்த்துத் தந்தியும் இருந்தது. ஆயத்த வாழ்த்துகளுக்கு எண்கள் இட்டு வைத்திருந்தார்கள். "ஈத் முபாரக்" என்பதற்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். ஆகவே, ஒருவர் செய்து வைத்த வாழ்த்தை எடுத்துப் பலருக்கும் அனுப்பும் பழக்கத்தை இந்தத் தலைமுறைதான் கண்டுபிடித்தது என்று யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை!

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னையில் 1882லேயே தொலைபேசி நிலையம் அமைந்துவிட்டது. ஆயினும் அது நம் தெருவுக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வெளியூருக்குப் பேச வேண்டுமாயின் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரைவாக வேண்டுமென்றால் 'லைட்னிங் கால்' என்று பல மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். ஊரில் இரண்டொரு செல்வர் வீடுகளில் மட்டும் தொலைபேசி இருந்ததால், முகவரிச் சீட்டில் அவர்களுடைய எண்ணை எழுதி, அதனருகே 'பி.பி.' என்று குறித்துக்கொள்வார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து சொல்லும். உம்மா தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டு ஓடுவார். அடுத்த வீட்டார் அனைவரும் கேட்க, "நல்லா இருக்கியா மவனே?" என்று உரத்துக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒலிநாடா. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு கேசட், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பெட்டியில் ஏறி, பதிவுக் கருவியோடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. குடும்பம் முழுவதும் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகின்றவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். குழந்தை ஓதும் சூராவும், பின்னணியில் பள்ளிவாசலின் பாங்கோசையும், கொல்லைப்புறத்துக் கோழியின் கூவலும் அதில் பதிவாகிப் போகும். எங்கோ ஒரு பாலை நகரத்தில், ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்த இடத்தில், போர்வையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அதைக் கேட்டு அழுதவர்கள் இன்று தாத்தாக்களாக நம்மிடையே வாழ்கின்றார்கள்.

எண்ணற்ற அருள்

பின்னர் வந்த மாற்றங்கள் மிக விரைந்து வந்தன. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் அமைப்பு, குளிர்சாதன வசதி இல்லாமலேயே வெப்பத்தையும் புழுதியையும் தாங்கக்கூடிய சிறிய தொலைபேசி நிலையத்தை உருவாக்கிற்று. அதனால் சிற்றூர்களுக்கும் தொலைபேசி வந்தது. தெருமுனை தோறும் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பலகை தாங்கிய கூண்டுகள் எழுந்தன. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நாட்டின் முதல் செல்போன் அழைப்பு சென்றது. தொடக்கத்தில், பேசுபவர் மட்டுமன்றிக் கேட்பவரும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003இல் அக்கட்டணம் நீங்கியது. செல்வர் கையிலிருந்த கருவி உழைப்பாளி கைக்கும் வந்தது. இன்றோ, துபாயில் பணி முடித்து வரும் தந்தை, ஊரிலுள்ள மகள் வீட்டுப்பாடம் எழுதுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே தன் இரவுணவை உண்கின்றார்.

இதை ஒரு சாதாரணச் செய்தியாக எண்ணிவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். மார்ச் மாதத்தில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கமான சேவை மீண்டும் தொடங்க 2022 மார்ச் ஆயிற்று. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கும் சவூதியில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். பெற்றோரின் ஜனாஸாவுக்கு வர இயலாமல் எத்தனையோ பிள்ளைகள் அயல்நாட்டில் சிக்கிக்கொண்டனர். அவர்களில் பலர் தம் வாப்பாவின் முகத்தை, தம் உம்மாவின் முகத்தை, கடைசியாக ஒரு முறை கைபேசித் திரையில்தான் கண்டனர். அந்தச் சிறு திரை இல்லாதிருந்தால் அதுவும் இல்லை. 1942இல் காத்திருந்த பெண்ணுக்கு அந்தத் திரையில் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால், அவள் எதைத்தான் கொடுத்திருக்க மாட்டாள்?

ஆகவே, பழமையை நேசிப்பது தவறன்று. ஆனால் அந்த நேசம், கையிலுள்ள அருளைக் குறை கூறும் அளவுக்குப் போய்விடக் கூடாது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதற்கு நமக்கு நிரம்பக் காரணங்கள் இருக்கின்றன.

எதை இழந்தோம்?

அப்படியானால் பெரியவரின் பெருமூச்சில் இருக்கும் உண்மைதான் என்ன?

கடிதம் எழுதுபவர் முதலில் உட்கார வேண்டும். என்ன சொல்வது என்று எண்ண வேண்டும். சொல்லத் தகாததை நீக்க வேண்டும். இரவில் கோபத்தோடு எழுதிய கடிதத்தை, காலையில் தபால் பெட்டிக்குக் கொண்டு செல்லும் முன் கிழித்தெறிந்தவர்கள் பலர். அந்த ஓர் இரவு எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்! இன்று கோபம் பிறந்த நொடியிலேயே கடல் தாண்டிச் சென்று தைத்துவிடுகின்றது. மாமியார்–மருமகள் மனத்தாங்கல், ஆறுவதற்குள்ளாகவே வெளிநாட்டிலிருப்பவர் செவிக்கு இரு தரப்பிலிருந்தும் போய்விடுகின்றது. அவரால் வந்து சமாதானம் செய்ய முடியாது. தூக்கமின்றித் தவிக்க மட்டுமே முடியும். கடிதத்தின் தாமதம் நம்மைப் பொறுமைக்குப் பழக்கிற்று. இன்று அந்தப் பொறுமையை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும்.

மேலும், கடிதம் நிலைத்தது. தகரப் பெட்டியில், கைலித் துணிக்கடியில், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கிடந்த கடிதங்கள் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றன. நாள்தோறும் மணிக்கணக்கில் பேசும் நம் பேச்சில் எஞ்சுவது என்ன? கருவி பழுதானால் படங்களும் அதனோடு போய்விடுகின்றன. இன்றைய குழந்தை வளர்ந்த பின், "என் வாப்பா எனக்கு என்ன சொன்னார்?" என்று தேடினால், அதன் கையில் கிடைப்பது என்ன?

இவற்றுக்கும் மேலாக, தினந்தோறும் முகம் பார்ப்பதாலேயே கவனம் குறைந்துவிட்டது. தந்தை திரையில் காத்திருக்க, மகன் வேறொரு கருவியில் விளையாடிக்கொண்டே "ம், ம்" என்று பதிலளிக்கின்றான். மூன்று நிமிட டிரங்க் காலில் ஒரு சொல்லைக்கூட நழுவ விடாமல் கேட்ட காதுகள் எங்கே? பெரியவர் ஏங்குவது நீலத் தாளுக்காக அல்ல. அந்தத் தாளில் தமக்கென்று ஒருவர் ஒதுக்கிய முழு மனத்துக்காகவே அவர் ஏங்குகின்றார். அதை நமக்கு மீண்டும் வழங்குவது எந்தக் கருவியின் வேலையும் அன்று. அது நம் கையில்தான் இருக்கின்றது.

நாம் செய்யத்தக்கவை

நாவினால் நன்றி சொல்வது எளிது. கிடைத்த அருளை நல்வழியில் பயன்படுத்துவதே முழுமையான நன்றி. அதற்கு ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, வீட்டிலுள்ள பழைய கடிதங்களைக் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இருபுறமும் தெளிவாகப் படமெடுத்து, யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்று குறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்து வையுங்கள். அரபுத்தமிழ்க் கடிதம் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுங்கள். நாடாவில் பூஞ்சை படர்ந்துவிட்டால் குரல் போய்விடும். அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருவோர் நகரங்களில் இருக்கின்றார்கள். மறைந்துபோன மூத்தும்மாவின் குரலை ஒரு பேத்தி கேட்பது எத்தகைய பேறு!

மூன்றாவதாக, வயது முதிர்ந்த பெண்களுக்குக் கைபேசியைத் தாமே இயக்கக் கற்றுக்கொடுங்கள். பேரனிடம் கெஞ்சி, அவன் போட்டுக் கொடுத்தால்தான் மகனோடு பேசலாம் என்ற நிலை, பக்கத்து வீட்டுப் பையனைக் கடிதம் எழுத அழைத்த அந்தப் பழைய நிலையேயாகும். தனிமையில் பேசும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

நான்காவதாக, சபரில் இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் வேறு திரை வேண்டாம். பணமும் பிரச்சினையும் மட்டுமே பேச்சாகிவிடாமல், அன்றைய நாளின் ஒரு நல்ல செய்தியையாவது சொல்லுங்கள். மனத்தாங்கல் உண்டாயின் ஓர் இரவு பொறுத்துச் சொல்லுங்கள். காலையிலும் அது சொல்லத்தக்கதாகத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக, வெளிநாட்டில் வாழும் தந்தைமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறை, பெருநாளுக்கேனும், உங்கள் பிள்ளைக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். நாள்தோறும் திரையில் காண்பவனுக்குக் கடிதம் எதற்கு என்று எண்ணாதீர்கள். நீங்கள் இளமையில் பட்ட பாடு, அவன் பிறந்த நாளில் நீங்கள் இருந்த இடம், அவனிடம் நீங்கள் எதிர்பார்க்கும் நற்குணம் இவற்றையெல்லாம் பேச்சில் சொல்ல நம் ஆண்களுக்குக் கூச்சம் இடம் தருவதில்லை. தாளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பிள்ளை அதை இன்று ஒரு முறை படித்து வைத்துவிடலாம். இருபது ஆண்டுகள் கழித்து, தானும் ஒரு தந்தையான பின், அதைத் தேடி எடுத்து மறுபடியும் படிப்பான்.

வாசக நேயர்களே, நம் பிள்ளைகளும் ஒருநாள் முதியவர்களாவார்கள். இன்று நமக்குப் புதுமையாகத் தோன்றும் இந்தக் கைபேசியும் அன்று பழம்பொருளாகிவிடும். அவர்களும் தம் பேரப்பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, "எங்கள் காலம் போல வருமா?" என்று சொல்லத்தான் போகின்றார்கள். அப்போது அவர்கள் நினைவில் எஞ்சுவது ஒரு கருவியின் பெயராக இல்லாமல், தமக்காக ஒருவர் அமர்ந்து, எண்ணி, அன்போடு சொன்ன ஒரு சொல்லாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லை இன்றே சொல்லி வைப்போமாக.

பிரிந்திருக்கும் குடும்பங்களை வல்ல இறைவன் நலத்தோடு ஒன்றுசேர்த்து வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.